புதிய பெர்ல் பதிப்புக்கு மாறியதும் பெர்ல் மறுபயன்பாட்டு நிரல்களின் இணையக் களஞ்சியமான சிபேனின் பழைய தொகுதிகள் சில ஏன் நிறுவப்படுவதில்லை?

பெர்ல் நிரல்மொழி பழைய நிரல்களுடனான இணக்கத்தைப் பெரிதும் காத்து வந்தாலும், பாதுகாப்பு கருதி ஓர் இயல்புநிலை மாறும்போது, அதை நம்பி எழுதப்பட்ட தொகுதிகள் நிறுவும்போதே தோற்றுவிடுகின்றன. 2017இல் வெளிவந்த பெர்ல் 5.26, தொகுதிகளைத் தேடும் பாதைப் பட்டியலிலிருந்து நடப்புக் கோப்புறையை நீக்கியது. வேறொருவர் அங்கே வைத்த தீங்கான கோப்பு தானாக இயங்கிவிடக்கூடும் என்பதே காரணம். அதனால், நிறுவல் கருவியைத் தம் பொதிக்குள்ளேயே வைத்திருந்த பல தொகுதிகளால் அதைக் கண்டறிய இயலவில்லை. பழைய நடத்தையை மீட்கும் சூழல் மாறி (நிரல் இயங்கும் சூழலில் அமைக்கும் மதிப்பு) ஒன்று உண்டு. எனினும் அது தற்காலிக ஏற்பாடே, நிறுவல் நிரலில் பாதையை வெளிப்படையாகக் குறிப்பிடுவதே சரியான திருத்தம் என்பது என் உறுதியான கருத்து. பராமரிப்பவர், தாம் ஆதரிக்கும் மிகப் பழைய பெர்ல் பதிப்பைத் தொகுதியின் விவரங்களைத் தரும் மீத்தரவில் அறிவித்து, அதிலும் அண்மைப் பதிப்பிலும் சோதனைகளை ஓட்ட வேண்டும். சிபேன் டெஸ்டர்ஸ் தன்னார்வலர்கள் பல பதிப்புகளிலும் இயங்குதளங்களிலும் சோதித்து அனுப்பும் அறிக்கைகளைத் தவறாமல் படித்தால், பயனர் முறையிடும் முன்பே பல பிழைகள் தெரிந்துவிடும்.