தலைப்புக்கு மேலேயா, பக்கவாட்டிலா? விளம்பரத்தை எங்கே வைப்பது

கேள்வி: கோவையில் இருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாக ஒரு சமையல் தளம் நடத்துகிறேன், தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் சேவையில் சேரப் போன மாதம்தான் அனுமதி கிடைத்தது. என் தம்பி, "தலைப்புக்கு மேலேயே பெரிசா போடு, எல்லார் கண்ணிலும் படும்" என்கிறான். தோழி ஒருத்தி, பக்கவாட்டில் வைத்தால் வாசகர்களுக்குத் தொந்தரவு இருக்காது என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். முதலில் உங்கள் தளத்தை மொபைலில் திறந்து பாருங்கள். சமையல் குறிப்பு படிக்கிறவர்களில் பெரும்பாலானோர் போனை மிக்ஸி மேல் சாய்த்து வைத்துக்கொண்டுதான் படிக்கிறார்கள், கணினி முன்னால் உட்கார்ந்து அல்ல. கணினியில் பக்கவாட்டில் தெரிகிற பட்டை மொபைலில் பெரும்பாலும் பக்கத்தின் அடியில் போய் விழுந்துவிடும், குறிப்பு முடிந்து, கருத்துகளும் முடிந்து, அதற்கும் கீழே. அவ்வளவு தூரம் யார் போகப்போகிறார்கள்? (பார்க்கும்போது உங்கள் விளம்பரத்தை நீங்களே கிளிக் செய்துவிடாதீர்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லி வையுங்கள், ஆர்வத்தில் அவர்கள் கிளிக் செய்து கணக்கே முடங்கிப் போகலாம்.)

தம்பி சொல்கிற உச்சி இடத்துக்கு வேறு சிக்கல். பக்கம் திறந்து விளம்பரம் வந்து சேர ஓரிரு நொடி ஆகும், அதற்குள் வாசகர் விரலால் தள்ளிக் கீழே போயிருப்பார். 2014-இல் கூகுள் வெளியிட்ட ஆய்விலேயே, காட்டப்பட்டதாகக் கணக்கில் வந்த விளம்பரங்களில் 56.1 சதவீதம் யார் கண்ணிலும் படவே இல்லை என்று தெரிந்தது. அதிகம் பார்க்கப்படும் இடம் பக்கத்தின் உச்சி அல்ல, முதல் திரை முடிகிற விளிம்புக்குச் சற்று மேலே என்பதும் அதில்தான் வந்தது. பார்க்கப்பட்டது என்றால் என்ன கணக்கு என்று கேட்பீர்கள்: விளம்பரத்தின் பாதிப் பரப்பாவது ஒரு நொடியாவது திரையில் இருக்க வேண்டும், அதுதான் விளம்பரத் துறையில் பொதுவான அளவுகோல். 2024 தொடக்கத்தில் ஆட்சென்ஸ் முக்கியமாகக் கிளிக்குக்குப் பணம் என்பதில் இருந்து, காட்டப்படுவதற்குப் பணம் என்கிற முறைக்கு மாறியதால், ஆள் நின்று பார்க்கிற இடம் எது என்பது இப்போது இன்னும் முக்கியம்.

சரி, எங்கே வைப்பது? உங்கள் வாசகி எங்கெல்லாம் நிற்பாள் என்று யோசியுங்கள். தலைப்பு, படம், இரண்டு மூன்று வரி முன்னுரை, அதன் கீழே 300×250 பிக்சல் அளவில் முதல் விளம்பரம். அப்புறம் தேவையான பொருட்கள் பட்டியல். வெல்லம் இருக்கா, தேங்காய் இருக்கா என்று டப்பாவைத் திறந்து பார்க்க அவள் அங்கே கட்டாயம் நிற்பாள், ஆகவே பட்டியலுக்கும் செய்முறைக்கும் நடுவில் இரண்டாவது. எனக்குக் கேட்டால் ஒரு சமையல் பக்கத்திலேயே நல்ல இடம் அதுதான். செய்முறை முடிந்து, மற்ற குறிப்புகளுக்கு இணைப்பு தருகிறீர்களே, அதற்கு முன்னால் மூன்றாவது.

செய்முறைக்கு நடுவில் மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். கையில் மாவு ஒட்டியிருக்க, சுண்டுவிரலால் திரையைத் தள்ளுகிறவள் தெரியாமல் விளம்பரத்தைத் தொட்டுவிட்டால், எங்கோ ஒரு பக்கம் திறந்து, அவள் திரும்பி வருவதற்குள் தாளிப்பு கருகிவிடும். உங்களுக்கும் அதில் லாபம் இல்லை. தவறுதலான கிளிக் என்று தெரிந்தால் கூகுள் அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளும், அடிக்கடி நடந்தால் அந்த இடத்து விளம்பரத்தைத் திறக்க இரண்டாவது முறை உறுதிப்படுத்தச் சொல்லும், வருமானம் இறங்கிவிடும். படத்தோடு ஒட்டி வைப்பதும், 'அடுத்த பக்கம்' பொத்தானுக்கு நெருக்கமாக வைப்பதும் இதே ஆபத்துதான். பெட்டிக்கு மேலே 'விளம்பரம்' என்று மட்டும் எழுதுங்கள், 'எங்களுக்கு உதவுங்கள்' என்றெல்லாம் எழுதினால் விதிமீறல்.

எத்தனை வைப்பது என்பதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. மொபைல் பக்கத்தின் உள்ளடக்க உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் இருந்தால், விளம்பரத் துறையினர் கூடி வகுத்த தர விதிகளில் அதை வாசகரைத் துரத்துகிற வகையில் சேர்த்திருக்கிறார்கள். இந்த விதிகளை மீறிக்கொண்டே இருக்கிற தளங்களில் குரோம் உலாவி 2018 பிப்ரவரியில் இருந்து விளம்பரங்களையே தடுத்து வருகிறது. ஆகவே மிளகு ரசத்துக்கு ஒன்று போதும், நீளமான பிரியாணிக் குறிப்புக்கு மூன்று தாங்கும். ஆட்சென்ஸே இடம் தேர்ந்து போடும் தானியங்கி விளம்பர வசதியை இப்போதைக்கு அணைத்து வையுங்கள், அல்லது அளவைக் குறைத்து வையுங்கள். அதில் உருப்படியானது திரையின் அடியில் ஒட்டி நிற்கும் சின்னப் பட்டை ஒன்றுதான், வாசகர் அதைத் தள்ளி மூடிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. படித்துக்கொண்டு இருக்கும்போது விளம்பரம் தாமதமாக வந்து எழுத்தை எல்லாம் கீழே தள்ளினால், படித்த வரி தொலைந்துவிடும், எரிச்சலில் மூடிவிட்டுப் போவார்கள். தளம் செய்து கொடுத்தவரிடம், விளம்பரப் பெட்டிக்கு 250 பிக்சல் உயரத்தை முதலிலேயே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் தனி விளம்பர யூனிட் உருவாக்கித் தனிப்பெயர் வையுங்கள், 'பொருட்களுக்குக் கீழே', 'கடைசி' என்கிற மாதிரி. அப்போதுதான் அறிக்கையில் எந்த இடம் சம்பாதிக்கிறது என்று தெரியும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். தீபாவளிக்கு முன்னால் விளம்பரதாரர்கள் போட்டி போட்டுப் பணம் இறக்குவதால் அந்த வாரங்களில் வருமானம் தானாகவே ஏறும், அதை இடம் மாற்றியதன் பலன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: திருநெல்வேலியில் மரச்சாமான் கடை வைத்திருக்கிறேன். உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்றில், முகப்புப் பக்கத்தின் மேல் பேனருக்கு, செய்திக்கு உள்ளே வரும் விளம்பரத்தைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: மொத்த வாசகர்களில் எத்தனை பேர் முகப்புப் பக்கத்துக்கு வருகிறார்கள்? வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் வந்த இணைப்பைத் தொட்டு நேராகச் செய்திக்குள் போகிறவர்கள் முகப்பைப் பார்ப்பதே இல்லை. அந்தத் தளத்தின் வாசகர்கள் அப்படித்தான் வருகிறார்கள் என்றால், செய்தியின் இரண்டாவது மூன்றாவது பத்திக்குக் கீழே வருகிற இடமே உங்களுக்கு நல்லது, விலையும் குறைவு. அந்த இடம் உங்களுக்கு மட்டுமா, நாலைந்து கடைகளோடு மாறி மாறி வருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நாலு பேரில் ஒருவர் என்றால் கால்வாசி நேரத்துக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

கணினிக்குச் செய்த 728×90 பேனரை மொபைலுக்கு அப்படியே சுருக்கிப் போட்டால் உங்கள் போன் நம்பரை யாராலும் படிக்க முடியாது, தனியாக வடிவமைத்துக் கொடுங்கள். அவர்கள் தருகிற கணக்கை மட்டும் நம்பி இருக்காமல், அந்த விளம்பரத்தில் மட்டும் வருகிற ஒரு போன் நம்பரைப் போடுங்கள், ஒரு மாதத்தில் எத்தனை அழைப்பு வந்தது என்று நீங்களே எண்ணிவிடலாம். முதல் தடவையே ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம் போட வேண்டாம்.

கேள்வி: ஒரு விண்ணப்பப் படிவத்தை இறக்கப் போனேன். பச்சை நிறத்தில் பெரிதாக 'டவுன்லோட்' என்று இருந்ததைத் தொட்டால் அது விளம்பரம், வேறு ஏதோ ஆப் இறங்கியது. இதற்குக் கேள்வியே இல்லையா?

பதில்: இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாதபடி மாறுவேடத்தில் காட்டுவது அதில் ஒன்று. பக்கத்தின் முழு முகவரியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். இறங்கிய ஆப்பை உடனே நீக்குங்கள், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடுத்திருந்தால் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை வேறொரு போனில் இருந்து இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.