கடவுள் வாக்கு மாறாதவர் என்றால், பைபிளின் பாடல் நூலான சங்கீதங்களில் தம் மக்களை ஏன் தண்டிக்கிறார்?

சங்கீதங்களில் கடவுளின் ‘உண்மை’ என்பது கொடுத்த வாக்கில் நிற்பது. ‘சிட்சை’ என்பது திருத்துவதற்கான கண்டிப்பு. 89-ஆம் சங்கீதம் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. இஸ்ரவேலின் அரசர் தாவீதின் பிள்ளைகள் கட்டளையை மீறினால் மிலாற்றினால் (பிரம்பால்) தண்டிப்பேன் என்கிறது 32-ஆம் வசனம். ஆனாலும் என் கிருபையை விலக்கமாட்டேன் என்கிறது 33. தாவீதோடு கடவுள் செய்த உடன்படிக்கை முறியாமல் இருப்பதால்தான் கண்டிப்பே வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மதிப்பெண் குறைந்தால் நாம் கேட்பதில்லை, நம் பிள்ளையைத்தான் உட்காரவைத்துக் கேட்கிறோம்.

இந்தச் சங்கீதத்தின் நேர்மை பெரிது. 38-ஆம் வசனத்திலிருந்து பாட்டு முறையீடாக மாறுகிறது: கிரீடம் தரையில் கிடக்கிறது, சத்தியம் செய்த கிருபைகள் எங்கே என்று கடவுளிடமே கேட்கிறது. வாக்கை நம்புகிறவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

எல்லாத் துன்பமும் சிட்சை என்று எண்ண வேண்டாம். உம்மை மறக்காதபோதும் இது எங்கள்மேல் வந்தது என்கிறது 44-ஆம் சங்கீதம்.