பி.எஃப்.ஏ. முடித்தால் ஓவிய ஆசிரியர் ஆகிவிடலாமா?

கோபியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், அம்மணி: பிளஸ் டூ முடித்தாயிற்று, ஓவியமும் படிக்கணும், பள்ளியில் வாத்தியாராகவும் ஆகணும், பி.எஃப்.ஏ. ஒன்றே போதுமா என்று.

போதாதுங்க. பி.எஃப்.ஏ. என்கிற கவின்கலைப் பட்டம் உங்களை ஓவியராக்குகிற நான்கு வருடப் படிப்பு. அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைக்கு டி.டி.சி. என்கிற தொழில் ஆசிரியர் சான்றிதழையும் கேட்பார்கள், அது தெரியாமல் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் போவது சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளுக்கு. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. ஓவியம், சிற்பம் தவிர சுடுமண் கலை, துணி வடிவமைப்பும் உண்டு. திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு துணி வடிவமைப்பை யாரும் ஏன் யோசிப்பதில்லை என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

நுழைவுத் தேர்வில் கைதான் பேசும். போட்டோவைப் பார்த்து நடிகர் முகம் வரைந்து பழகியவர்கள் அங்கே திணறுவார்கள். ஒரு நோட்டோடு கோவை பேரூர் கோயிலின் கனகசபை என்கிற சிற்பத்தூண் மண்டபத்துக்குப் போங்கள், யானையை உரிக்கும் சிவன் இருக்கிற தூணுக்கு எதிரே உட்கார்ந்து 4பி பென்சிலில் அந்தக் கைகளை மட்டும் வரையுங்கள், ஒவ்வொரு கையும் தோளிலிருந்து எப்படிப் பிரிகிறது, நிழல் எங்கே அடர்த்தியாகிறது என்று பார்த்துப் பார்த்து. முதல் பத்துப் பக்கம் கேவலமாகத்தான் வரும். அப்புறம், அழிரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்க.