கேமராக்காரர் பதில்கள்: மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஒரு யாளி

கே: பழைய சிலைகளையும் மண்டபங்களையும் செல்போனிலேயே ஸ்கேன் செய்யலாம் என்று போன இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். உடைந்துபோன சிலையைக்கூட யார் யாரோ எடுத்த படங்களை வைத்து மீட்கலாமாமே? நம்பும்படியாக இல்லையே! - ஆர்.எம்., காரைக்குடி

ப: நானும் முதலில் நம்பவில்லை. 2015 பிப்ரவரியில், இராக்கின் மோசுல் அருங்காட்சியகத்தில் ஐ.எஸ். ஆட்கள் சம்மட்டியோடு புகுந்து சிலைகளை உடைத்த வீடியோ வெளியானது. சில வாரங்களிலேயே இரண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் 'புராஜெக்ட் மோசுல்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த அருங்காட்சியகத்துக்கு எப்போதோ போய் வந்தவர்கள் தங்களிடம் இருக்கும் படங்களை அனுப்ப வேண்டும். தன்னார்வலர்கள் அவற்றைப் பிரித்து அடுக்கி முப்பரிமாண உருவமாக்குவார்கள்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு கல் சிங்கத்தின் மூக்கில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது என்று வையுங்கள். அதே சில்லு பத்துப் படங்களில் பத்துக் கோணங்களில் தெரியும். ஒவ்வொரு கேமராவும் எங்கே நின்றிருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, சில்லு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. இப்படி லட்சக்கணக்கான புள்ளிகள். நம் இரண்டு கண்கள் செய்கிற வேலைதான், போட்டோகிராமெட்ரி என்று பெயர். நிம்ரூத்திலிருந்து வந்த அசீரியச் சிங்கம், கிட்டத்தட்ட 2,900 வருடப் பழசு, அந்த அருங்காட்சியகத்தில் நொறுங்கிப்போனது. இப்படித் திரட்டிய படங்களிலிருந்து உருவாக்கி, முப்பரிமாணத்தில் அச்சிட்ட அதன் பிரதியை 2019-ல் லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.

ஒரு சங்கடம் உண்டு. படத்தில் விழாத இடம் உருவத்தில் ஓட்டையாகத்தான் இருக்கும். சுற்றுலா போகிறவர்கள் எல்லோரும் சிலைக்கு முன்னால் நின்றுதானே எடுக்கிறார்கள், முதுகை யார் எடுப்பார்கள்?

நான் அனுபவித்துச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் குளக்கரையில் ஒரு கல் மண்டபம் இருந்தது. கல்யாண ஜோடிகளை அங்கே அழைத்துப்போய் எடுப்பது என் ஸ்டுடியோவின் வழக்கம். சாலையை அகலப்படுத்தும்போது மண்டபம் போய்விட்டது. மோசுல் கதையைப் படித்ததும் என் பழைய நெகட்டிவ்களைக் கிளறி, பதினோரு கல்யாணங்களிலிருந்து படங்களைச் சேர்த்து, நாலாவது தூணில் இருந்த யாளியை உருவாக்கப் பார்த்தேன். முகம் வந்தது, ஒரு முன்னங்கால் வந்தது. மார்பு இருக்க வேண்டிய இடத்தில் கோட் போட்ட தோள் அளவுக்கு ஒரு ஓட்டை. எல்லா மாப்பிள்ளைகளையும் அதே இடத்தில், அதே மாதிரி நிற்க வைத்தது நான்தான்! பின்னணியைக் கலங்கலாக்கி எடுப்பதுதான் அப்போதெல்லாம் பெருமை வேறு.

கே: எங்கள் ஏரிக்கரையில் எழுத்துள்ள நடுகல் ஒன்று இருக்கிறது. எண்ணெய் பூசிப் பூசி எழுத்து மங்கி வருகிறது. என்னிடம் இருப்பது சாதாரண போன். ஏதாவது செய்ய முடியுமா? - கல்லூரி மாணவி, செங்கம்

ப: நடுகல்லுக்குப் பேர்போன வட்டாரம் அம்மா உங்களுடையது. மாநிலத் தொல்லியல் துறை 1972-லேயே 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகம் போட்டிருக்கிறது. உங்கள் கல் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் படம் எடுக்கிற பொருள் அவர்களுக்குச் சாமி. எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டவே கூடாது. எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

வெயில் ஏறுமுன் போங்கள், மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது. பிளாஷ் வேண்டாம், ஜூம் வேண்டாம். கல்லின் காலடியில் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றை வையுங்கள், அளவு தெரிய வேண்டுமே. ஒவ்வோர் அடியாக நகர்ந்து கல்லைச் சுற்றி வாருங்கள். முந்தின படத்தில் இருந்ததில் முக்கால் பங்காவது அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். முழங்கால் உயரத்தில் ஒரு சுற்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று, கையைத் தூக்கிப் பிடித்து ஒன்று. நாலடிக் கல்லுக்கு நூறு படம் எடுத்தாலும் அதிகமில்லை. முதுகை மறக்காதீர்கள், மேலே நான் அழுத கதையைப் படித்தீர்களே.

எழுத்துக்குத் தனி வேலை. இருட்டிய பிறகு போனை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, எட்டுத் திசையிலிருந்தும் அடித்து ஒவ்வொரு படம் எடுங்கள். பகலில் வழவழவென்று தெரிந்த இடத்தில் எழுத்து எழுந்து வரும். கல்வெட்டு அறிஞர்கள் காகிதத்தை ஒற்றி மைப்படி எடுப்பார்களே, அதற்கு இது ஈடாகாது. ஆனால் கல்லைத் தொடாமல் உங்களால் செய்ய முடிந்தது இது. விலை உயர்ந்த போன்களில் லைடார் (லேசர் ஒளியை அனுப்பித் தூரத்தை அளக்கும் கருவி) இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் மயங்க வேண்டாம். மண்டபத்தின் நீள அகலத்துக்குச் சரி, எழுத்தின் வெட்டு அதில் சிக்காது.

கே: இப்படி எடுத்து இணையத்தில் போடுவது திருடனுக்கு வழிகாட்டுவது ஆகாதா? - வீ.எஸ்., கும்பகோணம்

ப: செப்புத் திருமேனிகள் விஷயத்தில் ஆகும்தான். ஊர் பெயரையும் இடத்தையும் வெளியே விடாதீர்கள். அதற்காகப் படமே எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்து வைத்தார்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜரும் விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் ஆஸ்திரேலியாவில் இருப்பது தெரிந்தபோது, எங்கள் ஊர்ச் சாமிதான் என்று காட்ட அந்தப் பழைய படங்கள்தான் கைகொடுத்தன. 2014-ல் இருவரும் திரும்பி வந்தார்கள்.

கே: முப்பரிமாணக் காட்சிக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே கோயிலைச் சுற்றிவிடலாம் என்கிறான் பேரன். நீங்கள் மாட்டிப் பார்த்தீர்களா? - ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

ப: பார்த்தேன் சார். ஐந்து நிமிடத்தில் தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். போகக்கூடிய இடத்துக்கு அது எதற்கு? வவ்வால் நாற்றம் இல்லாத மண்டபம் எனக்கு மண்டபமாகவே படவில்லை. போக முடியாத இடத்துக்கு வேண்டுமானால் சரி. மோசுலில் பிறந்து அமெரிக்காவில் பொறியாளரான பென் கசீரா, எடுத்துச் செல்லக்கூடிய லேசர் ஸ்கேனரை உருவாக்கியவர்களில் ஒருவர். 2001-ல் ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகளை தாலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்ததைக் கண்டு மனம் நொந்து, பழஞ்சின்னங்களை ஸ்கேன் செய்து வைக்கும் சைஆர்க் என்ற அமைப்பை 2003-ல் தொடங்கினார். பர்மாவின் பகான் கோயில்களில் சிலவற்றை அவர்கள் அளந்து வைத்திருந்தார்கள். 2016 ஆகஸ்டில் நிலநடுக்கம் வந்தது. இடிவதற்கு முன் இருந்த பகானைப் பார்க்க வேண்டுமென்றால் நானும் கண்ணாடியை மாட்டிக்கொள்வேன், உட்கார்ந்துகொண்டு.

கே: வீட்டில் பழைய போட்டோ, நெகட்டிவ் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. எறிந்துவிடலாமா? - இல்லத்தரசி, மதுரை

ப: பொறுங்கள்! வெளியூரிலிருந்து பெண் எடுத்த சொந்தக்காரர்கள் யாராவது எங்கள் ஊர்க் குளக்கரை மண்டபத்தில், யாளித் தூணுக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் இருக்கிறதா பாருங்கள். மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் உடனே எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.