நூலக வாசலில் அவரை மட்டும் நிறுத்துகிறார்கள்

கேள்வி: இங்கிலாந்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். என் பொறுப்பில் இருக்கும் கறுப்பின மாணவி ஒருவரை நூலக வாசலில் அடிக்கடி நிறுத்தி அட்டை கேட்கிறார்களாம். முன்னால் போகிறவர்களைக் கேட்பதில்லை. புகார் செய்யப் பயப்படுகிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: "எனக்கும் இப்படி நடந்திருக்கிறது" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். நடந்திருக்கலாம். ஆனால் நம்மைப் போன்ற ஆசியர்களையும் கறுப்பினத்தவரையும் ஒரே கணக்கில் சேர்த்தால் உண்மை பாதி மறைந்துபோகிறது. 2017-18இல் பட்டப்படிப்பில் முதல் வகுப்போ மேல் இரண்டாம் வகுப்போ பெற்றவர்களின் விழுக்காட்டில், வெள்ளை மாணவர்களுக்கும் மற்ற எல்லாருக்கும் இடையே 13 புள்ளி வித்தியாசம். கறுப்பின மாணவர்களைத் தனியே பார்த்தால் 20க்கும் மேல். கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் 'காப்பிலி' என்ற சொல் இன்னும் புழங்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

"எல்லாரையும்தானே கேட்பார்கள்" என்ற சமாதானமும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் அன்றிரவே எழுதி வைக்கச் சொல்லுங்கள்: தேதி, நேரம், எந்த வாசல், என்ன வார்த்தை சொன்னார்கள், முன்னால் போனவர்களை விட்டார்களா, கூட யார் இருந்தார்கள். தனக்குத் தானே மின்னஞ்சலாக அனுப்பிக்கொண்டால் தேதியோடு பதிவாகிவிடும். கேமரா பதிவுகளை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் தாமதம் வேண்டாம்.

புகார் செய்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. ஆனால் பயத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டப்படி, பாகுபாடு பற்றிப் புகார் செய்தவரைப் பழிவாங்குவது சட்டவிரோதம். அவருக்குத் துணை நிற்கும் உங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பல்கலைக்கழகத்தின் இறுதி முடிவு திருப்தி இல்லையென்றால், 12 மாதங்களுக்குள் மாணவர் புகார்களுக்கான சுயேச்சை அமைப்பிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

அப்புறம், துறையில் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியர் இருந்தால் அவரிடம் அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். 2019-20இல் பிரிட்டன் முழுவதும் கறுப்பினப் பேராசிரியர்கள் சுமார் 140 பேர்தான்; மொத்தப் பேராசிரியர்களில் ஒரு விழுக்காடுகூட இல்லை. இப்படி வரும் மாணவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லும் வேலை அந்தச் சிலர் தலையில்தான் விழுகிறது. பணிநேரக் கணக்கில் பெரும்பாலும் அது ஏறுவதே இல்லை. ஏற்ற வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் நீங்கள் கேளுங்கள். அந்த ஆசிரியரே கேட்கும்படி விடாதீர்கள்.

அந்த மாணவியிடம் வாசல் பிரச்சினையை மட்டுமே பேசிக்கொண்டிருக்கவும் வேண்டாம். 2019இல் வெளியான கணக்கின்படி, அரசு ஆராய்ச்சி மன்றங்கள் மூன்று ஆண்டுகளில் தந்த 19,868 முனைவர் பட்ட உதவித்தொகைகளில் 245 மட்டுமே கறுப்பின மாணவர்களுக்குக் கிடைத்தன. ஆராய்ச்சியில் விருப்பம் உண்டா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். இருந்தால், விண்ணப்பத்தின் முதல் வரைவை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.