பழைய டொமைன், புதிய பெட்டி: அஞ்சல் சர்வர் கேள்வி பதில்

அச்சக உரிமையாளர்: நிறுவனத்தின் பெயர் மாறியதால் புதிய டொமைன் வாங்கினோம். பழைய முகவரிகளுக்கு வரும் அஞ்சலும் புதிய பெட்டிகளில் விழ வேண்டும். எங்கள் சர்வரில் ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருள். எங்கே தொடங்குவது, ஐயா?

பதில்: ஒரு டொமைனுக்கு வரும் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு. பழைய டொமைனின் எம்எக்ஸ் பதிவை உங்கள் சர்வருக்குத் திருப்புங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகள் இருக்கும் ‘மெயின் டாட் சிஎஃப்’ கோப்பில் ‘வர்ச்சுவல் ஏலியஸ் டொமைன்ஸ்’ (ஏலியஸ் என்றால் வேறொரு பெட்டிக்குத் திருப்பிவிடும் மாற்று முகவரி) வரியில் அந்த டொமைனைச் சேருங்கள். எந்த முகவரி எந்தப் பெட்டிக்கு என்பதை ‘வர்ச்சுவல் ஏலியஸ் மேப்ஸ்’ சுட்டும் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டி, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்யுங்கள். அதே டொமைன், சர்வர் தன்னுடையதாகவே எடுத்துக்கொள்ளும் டொமைன்களைச் சொல்லும் ‘மைடெஸ்டினேஷன்’ வரியில் இருந்தால் நீக்கிவிடுங்கள். இரண்டிலும் இருக்கக் கூடாது.

இன்னொருவர்: முகவரி முகவரியாக எழுதுவானேன்? ‘@பழைய டொமைன், @புதிய டொமைன்’ என்று ஒரே வரி போதாதா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்த ஒரு வரி இருந்தால், பழைய டொமைனில் இல்லாத ஆளின் பெயருக்கு வரும் அஞ்சலையும் சர்வர் வாசலில் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். உள்ளே போன பிறகுதான் அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று தெரியும்; உடனே அனுப்புநருக்கு அறிவிப்பு போகும். ஸ்பேம் அஞ்சலில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் உங்கள் சர்வரிலிருந்து குப்பையைப் பெறுவார். உங்கள் ஐபி தடைப்பட்டியலில் ஏறும். இருபது பேர் என்றால் இருபது வரி, பத்து நிமிட வேலை. ‘போஸ்ட்மாஸ்டர்’ முகவரியையும் மறக்காதீர்கள். அஞ்சல் பரிமாற்றத்துக்கான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5321 அதைக் கட்டாயமாக்குகிறது.

பள்ளி நிர்வாகி: பழைய முகவரியிலிருந்து பதில் அனுப்பினால் ஸ்பேமில் விழுகிறதே?

பதில்: ஏலியஸ் வரும் அஞ்சலுக்கு மட்டும்தான். அனுப்ப வேண்டுமானால் பழைய டொமைனுக்கும் தனியாக எஸ்பிஎஃப் பதிவும் (அந்த டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) டிகிம் கையொப்பமும் (அஞ்சல் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் மின்கையொப்பம்) வேண்டும். அனுப்புநர் முகவரியில் தெரியும் டொமைனோடு அவை பொருந்துகின்றனவா என்றுதான் டிமார்க் என்ற சோதனை பார்க்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதில் கண்டிப்பு காட்டுகிறது.

கேள்வி: பழைய டொமைனுக்கு, இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் சான்றிதழ் தனியாக வேண்டுமா?

பதில்: தேவையில்லை. எம்எக்ஸ் பதிவிலுள்ள சர்வர் பெயருக்கு இருந்தால் போதும்.

அச்சக உரிமையாளர்: பழைய டொமைனை ஓராண்டில் விட்டுவிடலாமா?

பதில்: நான் விடமாட்டேன். காலாவதியான டொமைனை யாரும் வாங்கலாம். எம்எக்ஸ் பதிவை மாற்றிவிட்டால் உங்கள் பெயருக்கு வரும் அஞ்சல் அவருக்குப் போகும். வங்கிக் கணக்கோ ஜிஎஸ்டி கணக்கோ அந்த முகவரியில் இருந்தால், கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அவர் கைக்கே. முதலில் சர்வர் வந்து போன அஞ்சலைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் பழைய டொமைனைத் தேடுங்கள். இன்னும் யார் யார் அதற்கு எழுதுகிறார்கள் என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொரு கணக்கிலும் முகவரியை மாற்றுங்கள்.