‘டாங்கே’ என்றால் போதும்!

கேள்வி: கணவரின் வேலைக்காக வியன்னாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. எதிர்வீட்டு வயதான ஆஸ்திரியத் தம்பதியை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறேன். வகுப்பில் படித்த ஜெர்மன்தான் தெரியும். பேச்சில் எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, வியன்னா

பதில்: இலக்கணம் பிழைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சகோதரி. மரியாதை பிழைத்தால்தான் முகம் மாறும். ‘டூ’ என்பது நீ, ‘ஸீ’ என்பது நீங்கள். அவர்களிடம் ‘ஸீ’தான். நம் ஊரில் பழகப் பழக ‘நீங்கள்’ தானாக ‘நீ’ ஆகிவிடும். அங்கே மூத்தவர் வாய்திறந்து “இனி டூ என்றே பேசலாமே” என்று சொல்லவேண்டும். நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

அவர்கள் வீட்டுப் பெயர்ப்பலகையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயருக்கு முன்னால் டாக்டர், மாகிஸ்டர் என்று ஏதாவது இருந்தால், வரவேற்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1919-இல் பிரபுப் பட்டங்களைச் சட்டம் போட்டு ஒழித்த நாடு அது. படிப்புப் பட்டத்தை மட்டும் இன்னும் விட்டபாடில்லை!

சாப்பாட்டு மேசையில்தான் கவனம் வேண்டும். நானே பட்டிருக்கிறேன். இரண்டாம் முறை சாதம் வைக்கப்போனபோது விருந்தாளி “டாங்கே” என்றார். நன்றி சொல்கிறாரே என்று கரண்டி நிறையப் போட்டேன். சற்றுப் பொறுத்து மறுபடி போனேன், மறுபடி “டாங்கே”. இன்னொரு கரண்டி. பாவம், தட்டில் மிச்சம் வைக்கக் கூச்சப்பட்டு, வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டு முடித்தார். பரிமாறும்போது வெறுமனே ‘டாங்கே’ என்றால் ‘வேண்டாம்’ என்று அர்த்தமாம். வேண்டுமென்றால் ‘யா, பிட்டே’ என்பார்கள். நம் விருந்தாளியின் ‘போதும் போதும்’ வேறு, இது வேறு. ஒருமுறை கேளுங்கள், மறுத்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

கோப்பையை உயர்த்தி ‘ப்ரோஸ்ட்’ (அவர்களுடைய ‘சியர்ஸ்’) சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள், பழச்சாறாக இருந்தாலும் சரி. உருளைக்கிழங்குக்கு வகுப்பில் ‘கார்டோஃபல்’ என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆஸ்திரியர்களுக்கு அது ‘எர்டாப்ஃபல்’. வறுவலை வைக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், பாட்டியம்மாவின் முகம் மலரும்.

கிளம்பும்போது “அடுத்த மாதமும் வாருங்கள்” என்பீர்கள். “ஷாவ் மா மால்” என்று பதில் வந்தால் உடனே தேதி கேட்டு நெருக்காதீர்கள். ‘பார்க்கலாம்’ என்று பொருள். வரமுடியாத கல்யாணத்துக்குப் பத்திரிகை வாங்கிக்கொண்டு நாம் சொல்கிறோமே, பெரும்பாலும் அதே ‘பார்க்கலாம்’தான்.